நான்காம் சுரத்தை இறக்காதவள்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் பேஸ் கிதாரின் தந்திகளைத் துடைத்தேன். எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ராத்திரி சும்மா வைத்தால் போதும், உப்புக்காற்று தந்தியைத் தின்றுவிடும். அதன்மேல் நிலக்கரித் தூசி வேறு. துணியில் கறுப்பும் துருவும் சேர்ந்து வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ரோஸ்லினின் தம்பி ஜெபராஜ்.

"அக்கா, எங்கக்கா போயிட்டா" என்றான்.

எங்கே போனாள் என்று கேட்டேன். அவன் அழுதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "மார் வலிக்குதுன்னா. தண்ணி மொண்டுகினு வரதுக்குள்ள முடிஞ்சிபோச்சிக்கா" என்றான். துணியைக் கையில் பிடித்தபடியே திருவொற்றியூருக்கு ஆட்டோ ஏறியிருக்கிறேன். அங்கே போய் இறங்கிய பிறகுதான் அதைப் பார்த்தேன்.

இந்த இதழைப் படிக்கிற நம் இசைக்குழுக்காரர்களில் பாதிப்பேர் ரோஸ்லினோடு மேடையில் வாசித்திருக்கிறீர்கள். மீதிப்பேர் அவளோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். இரண்டும் செய்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். "தங்கமான மனுஷி, யார் மனதையும் புண்படுத்தாதவர்" என்றெல்லாம் அவளைப் பற்றி எழுதமாட்டேன். அவள் புண்படுத்துவாள். ஒரு சுரத்தை அவள் சொன்ன இடத்தில் வைக்காவிட்டால் நிச்சயம் புண்படுத்துவாள்.

நாங்கள் இருவரும் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள். கன்டெய்னர்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிப்பது வேலை. நான் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், பி.காம். அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த குடும்பம், எம்.காம். ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவொற்றியூர். "நம்மூரு பாஷையில பேசு பிள்ளே" என்று அவள் அப்பா கடைசிவரை கெஞ்சிப் பார்த்தார். "இதான் நைனா எங்கூரு பாஷ. பேஜாரு பண்ணாத" என்று இவள் சொல்வாள். அவள் தேவாலயச் சபையில் கீபோர்டு வாசித்தாள். நான் கல்லூரியில் கற்று விட்டுவிட்ட கிதாரை மறுபடி எடுத்ததும், நாற்பது வயதை நெருங்கும்போது பேஸுக்கு மாறியதும் அவளால்தான். கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ், சாவு என்று எங்கே கூப்பிட்டாலும் இரண்டு பேரும் போவோம்.

லிடியன் என்ற சொல்லை முதலில் அவள் சொன்னது ஒரு மதிய உணவு வேளையில். போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரர் விளக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருமே. மேஜர் ஸ்கேல்ல நாலாவது சுரத்த மட்டும் அரை கட்ட ஏத்தி வுட்டா லிடியனாம். கீபோர்டுல எஃப்ல ஆரம்பிச்சி வெள்ளக் கட்டையாவே வாசிச்சா வந்துடுமாம். இவ்ளோதானா?" என்றாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டில் உட்கார்ந்தோம். எஃப் தொடங்கி அடுத்த எஃப் வரை வெள்ளைக் கட்டைகளை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இது நம்ம சி மேஜரேதான்மே. வேற வாசப்படி வழியா பூந்து அதே வூட்டுக்குத்தான் வந்துகினு கீறோம்."

அவள் சொன்னது சரி. அதே ஏழு வெள்ளைக் கட்டைகள். எங்கே தொடங்கினாலும் காது நைசாக நழுவிப்போய் பழகிய சி-யில் உட்கார்ந்துவிடும். லிடியனைப் புரிந்துகொள்வது வேறு, அதில் நிற்பது வேறு என்று அன்று தெரிந்தது. புரிந்துகொள்ள ஒரு மதிய உணவு வேளை போதும். நிற்பதற்கு எங்களுக்கு ஒரு ஐஸ் ஃபாக்டரி தேவைப்பட்டது.

காசிமேட்டில் ஐஸ் ஃபாக்டரிக்கு மேலே ஒரு அறை பயிற்சிக்குக் கிடைத்தது. எங்களுக்கு அந்த அறையைக் கொடுத்ததற்குக் காரணம் அதை வேறு யாரும் கேட்காததுதான். கீழே கம்ப்ரசர் மோட்டார் ஓயாமல் ஓடும். தரையெல்லாம் ம்ம்ம் என்று ஒரே முனகல். முதல் நாள் நான் தலையில் கை வைத்தேன். ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கீபோர்டில் எஃப்-ஐத் தொட்டாள். "மோட்டாரு எஃப்ல பாடுதுமே. கொஞ்சம் தொண்ட கம்மி, அவ்ளோதான்" என்றாள். கீபோர்டின் சுருதியைத் துளி இறக்கி மோட்டாரோடு சேர்த்தாள். பிறகு எஃப், ஜி, ஏ என்று ஏறி, நான்காவதான பி-யில் போய் நின்றாள்.

எனக்கு அந்த நொடி இன்னும் உடம்பில் இருக்கிறது. அந்த சுரம் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கீழே விழவேண்டிய ஒன்று, விழமாட்டேன் என்று நிற்பது மாதிரி இருந்தது. அறையையே ஒரு விரற்கடை மேலே தூக்கினாற்போல் இருந்தது. மோட்டார் அடியில் எஃப்-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால், அந்த பி எங்கேயும் ஓட முடியவில்லை. ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

அப்போது கரண்ட் போனது. மோட்டார் நின்றது. ரோஸ்லின் பேட்டரியில் வாசித்துக்கொண்டேயிருந்தாள். ஆனால் இரண்டு நொடிகளில் மெட்டு சாய்ந்து, பழைய சி-யில் போய் உட்கார்ந்துவிட்டது. கை வாசித்தது அதேதான். அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தியா? வாசிக்கிறவ கையில ஒண்ணும் இல்ல. அடியில ஒர்த்தர் புடிச்சிகினு நிக்கணும். மோட்டார இஸ்துகினு எல்லா எடத்துக்கும் போவ முடியாது. நீதான்மே மோட்டாரு."

அப்படித்தான் நான் மோட்டாரானேன்.

அதன்பின் தினமும் பயிற்சி. நான் எஃப்-ஐ மட்டும் மீட்டிக்கொண்டிருப்பேன். அவள் மற்ற ஆறு சுரங்களையும் ஒவ்வொன்றாகப் பாடி, ஒவ்வொன்றும் எஃப்-க்கு எதிரே எப்படி நிற்கிறது என்று கேட்பாள். பி வந்தால் அங்கேயே வெகுநேரம் இருப்பாள். பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுகளுக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: எஃப் மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போகலாம், ஜி-யிலிருந்து சி-க்குப் போகக்கூடாது. போனால் கதை முடிந்தது, காது சி-தான் வீடு என்று செருப்பைக் கழற்றிவிடும். "ஜி வரைக்கும் போ, வேடிக்க பாரு, எஃப்க்குத் திரும்பி வா" என்பாள். ஒரே சுரத்தை அலுக்காமல், வேகம் கூடாமல், பாவனை காட்டாமல் மீட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பேஸ் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். என் விரல் சும்மா இருக்காது, பக்கத்துத் தந்தியைத் தொடப் போகும். "இன்னாமே, குந்தின எடத்துல குந்த முடியலியா?" என்று திட்டுவாள்.

இந்தப் பயிற்சியால் நாங்கள் செய்த ஒரு தவற்றை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க முடியாது. மாதவரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையேறி முதல் பாட்டைத் தொடங்கினோம். பெரிய குழு, டிரம்பெட், பதிவு செய்த டிராக் எல்லாம் உண்டு. தொடங்கியதுமே எங்கள் இருவரின் சுருதி மட்டும் தனியாகப் புளித்தது. டிரம்பெட்காரர் எங்களை முறைத்தார். சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்சரை விட்டு எழுந்து ஓடிவந்து, "யக்கா, எந்த ஊரு சுருதி வெச்சிகினு கீறீங்க?" என்று கத்தினார். கீபோர்டையும் என் கிதாரையும் நாங்கள் ஐஸ் ஃபாக்டரி மோட்டாருக்குச் சேர்த்தது சேர்த்தபடியே எடுத்து வந்திருந்தோம். ரோஸ்லின் கொஞ்சமும் அசரவில்லை. "காசிமேட்டு சுருதி. ஒலகம்தான் கொஞ்சம் ஒசந்து போச்சி" என்று சொல்லிவிட்டுச் சரிசெய்தாள்.

அதே மேடையில் சாப்பாட்டு நேரத்தில் லிடியன் வாசித்தோம். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், பாட்டுக் கற்றவர், எழுந்து வந்தார். "இது நம்ம கல்யாணிதானேம்மா? எதுக்கு வெள்ளைக்காரன் பேரு?" என்றார். ரோஸ்லின் வாசிப்பை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "ஏணி ஒண்ணுதான் சார். நீங்க ஒர்த்தரே வளைஞ்சி நெளிஞ்சி ஏறுவீங்க. நாங்க பக்கத்துல இன்னொரு ஏணி போட்டுகினு கும்பலா ஏறுவோம்." அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சாப்பிடக்கூடப் போகாமல் கடைசிவரை எங்கள் பக்கத்திலேயே நின்றார்.

எல்லாரும் அவர் மாதிரி இல்லை. தென் சென்னையில் ஒரு நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு, "ஓ, நார்த் மெட்ராஸா? அப்ப கானா பாடுவீங்க!" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் சிரித்தது. ரோஸ்லின் மைக்கை வாங்கி, "பாடுவோம் சார். கானாவும் பாடுவோம், லிடியனும் பாடுவோம். நீங்க இன்னா பாடுவீங்க?" என்று கேட்டாள். அதற்கும் கூட்டம் சிரித்தது. அறிவிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

ஐஸ் ஃபாக்டரிக்கு மேலே அவள் கட்டிய மெட்டு ஒன்று உண்டு. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். வார்த்தை இல்லை. மெதுவாக ஏறி நான்காம் சுரத்தில் நிற்கும், அங்கிருந்து இறங்காமல் இன்னும் மேலே போகும், பிறகு தன் நேரத்தில் வீடு திரும்பும். அதை எதற்காகக் கட்டினாள் என்று என் அம்மா இறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்றவள். அவளை எடுத்துப்போகும் நேரம் ரோஸ்லின் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றாள். என்னிடம் கிதாரையும் பேட்டரியில் ஓடும் என் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் கொடுத்தாள். எங்கள் குப்பத்தில் பெண்கள் தெருமுனையைத் தாண்டி இடுகாட்டுக்குப் போவதில்லை. "அது வரைக்கும்தான நிக்கணும்? நின்னு வாசி" என்றாள். நான் எஃப்-ஐப் பிடித்தேன். அவள் அந்த மெட்டைத் தொடங்கினாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். என் சின்னம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"இன்னாடி இது? எயவு வூட்டுல சந்தோஷப் பாட்டு வாசிச்சிகினு கீற?"

"சந்தோஷம் இல்ல சின்னம்மா. அழுவறதுக்கு வேற பாட்டு கீது, அத்த அப்பால வாசிக்கறேன். இது நிமிந்து போறதுக்கு. அவங்க என்னிக்கின்னா தல குனிஞ்சி மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்களா? இப்ப மட்டும் எதுக்கு?"

சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோஸ்லின் பக்கத்தில் நின்றாள். மெட்டு முடிந்ததும், "இன்னொரு தபா வாசி" என்றாள். இரண்டாம் தடவை மேளக்காரர்களும் மெதுவாகச் சேர்ந்துகொண்டார்கள்.

சபையில் அப்படி யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. ஒரு மூத்த உறுப்பினரின் அடக்க ஆராதனையில் ரோஸ்லின் அதே மெட்டை வாசித்தாள். முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் அவளிடம் வந்தார். அவரைப் பெயர் சொல்லாமல் அண்ணாச்சி என்றே சொல்கிறேன். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், அவள் அப்பாவுக்கு நண்பர், அவளைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பிள்ளே. அந்த நாலாவது சுரம் மட்டும் இடிக்குல்லா? கொஞ்சம் எறக்கிட்டா வழவழன்னு போயிரும். சபையில எல்லாரும் கூடப் பாடணும் பாரு."

"எறக்குனா அது வேற மெட்டு அண்ணாச்சி."

"ஒரு சுரத்துக்கு ஏன் இம்புட்டுப் பிடிவாதம்?"

"ஒரு சுரம்தான அண்ணாச்சி. நீங்கதான் வுட்டுக் குடுங்களேன்."

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கீபோர்டு வாசிப்பதிலிருந்து அவளைக் கொஞ்ச நாள் "ஓய்வு" எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஓய்வு முடியவேயில்லை. சபையை மாற்றிக்கொள்ளச் சிலர் யோசனை சொன்னார்கள். நானும் சொன்னேன். "எதுக்கு? கீபோர்டுதான் அவங்குளுது. காது என்னுது" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடினாள். வீட்டுக்கு வந்து மதியம் காசிமேட்டில் என்னோடு பயிற்சி செய்தாள். கசப்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அந்தக் கசப்பை வாசிப்பில் கலக்கமாட்டாள். இந்த லிடியன் துக்கத்தையும் தாங்காது, குழைவையும் தாங்காது, நேராக நிற்பதை மட்டும்தான் தாங்கும் என்பாள்.

ரோஸ்லினின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் யாரும் அவள் மெட்டை வாசிக்கவில்லை. வழக்கமான பாட்டுகள் பாடினார்கள். மண் போட்டு முடித்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவர் அழுததில் பொய் இல்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"நினைவு ஆராதனையில அவ மெட்டைத்தான் பாடப் போறோம்மா. வார்த்தை எழுதியாச்சு. பாடகர் குழு பழகிட்டு இருக்கு. நீங்க வந்து அந்த பேஸ் வாசிக்கணும். அவளுக்குப் பிடிச்சதுல்லா?"

நன்றி சொல்லப் போனேன். அதற்குள் அவர் பாடகர் குழுவுக்குக் கொடுத்த தாளை என் கையில் வைத்தார். "அந்த ஒரு இடத்தை மட்டும் சரி பண்ணிட்டோம்" என்றார். நான்காம் சுரம் வருகிற இடங்களிலெல்லாம் வெள்ளை மை வைத்துத் திருத்தியிருந்தது. வெள்ளைக் கட்டைக்குப் பதில் பக்கத்திலிருக்கும் கறுப்புக் கட்டை. அரைப் படி இறக்கம்.

இசை பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த அரைப் படியை இறக்கினால் மெட்டு கெட்டுப்போகாது. இனிமையாகவே இருக்கும். ஏறிப் போகிற மெட்டு அந்த இடத்தில் தலையைச் சாய்த்து, உடனே கீழே இருக்கும் சுரத்தின் மடியில் உட்கார்ந்துவிடும். பாடுகிறவர்களுக்குச் சுலபம். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ரோஸ்லின் நல்ல பெண், சாந்தமான பெண், ஆண்டவருக்குள் இளைப்பாறுகிறாள் என்று தோன்றும். அவள் அப்படி இருந்ததில்லை. செத்த பிறகு ஒருத்தியைத் திருத்துவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பதில் சொல்ல அவள் இல்லை. அதுவும் அன்போடு திருத்துகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்தால் சண்டை போடலாம்.

நான் தலையை ஆட்டினேன். அண்ணாச்சி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளில் இருந்தபடியே ஒரு முறை வாசித்துப் பார்த்தேன், நேர்மையாக. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியோ என்று. அடியில் எஃப், மேலே இறக்கிய சுரம். இரண்டும் சண்டையில்லாமல் பொருந்தின. எங்கள் ஊரைப் பற்றி வெளியிலிருந்து வருகிறவர்கள் பேசுவது நினைவுக்கு வந்தது. பாவம், எப்படித்தான் இந்தப் புகையில் இருக்கிறார்களோ என்று உச்சுக் கொட்டுவார்கள். அதில் தப்பாக ஒரு வார்த்தையும் இருக்காது. ஆனால் அதில் நாங்கள் இருக்கமாட்டோம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசிக்கிறேன். கீபோர்டு தம்பியிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். நான் வைத்துக்கொள்வது, குந்தின இடத்தில் குந்தும் பழக்கம். ஜி வரைக்கும் போய் வேடிக்கை பார்த்துவிட்டு, காது கெஞ்சினாலும் சி பக்கம் போகாமல் எஃப்-க்குத் திரும்புகிற பிடிவாதம். எதிரில் இருப்பவர் அன்பானவர் என்பதற்காக ஒரு சுரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். இந்த மூன்றாவதுதான் எனக்கு இதுவரை வந்ததில்லை.

நினைவு ஆராதனை வரும் ஞாயிறு மாலை. இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். ஆசிரியருக்குக் கட்டுரையை இன்றே அனுப்புகிறேன், இதற்குப் பிறகு வரும் வரிகளை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொண்டு, முன்கூட்டியே சபையின் காதுக்குப் போய்விடாதபடி திங்கட்கிழமைதான் அனுப்புவேன்.

சபையின் மிக்சர் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் என் கிதாரை அதில் சொருகப் போவதில்லை, என் சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். பாடகர் குழு எழுந்து நிற்பதற்கு முன் நான் எழுந்து நிற்பேன். எஃப்-ஐப் பிடிப்பேன். இத்தனை வருடத்தில் எந்த மேடையிலும் நான் வாய் திறந்து பாடியதில்லை, என் குரல் நன்றாகவும் இருக்காது. ஆனாலும் அவள் மெட்டை, வார்த்தை எதுவும் இல்லாமல், அவள் கட்டியபடியே நான் தனியாகப் பாடப் போகிறேன். நான்காம் சுரம் வரும்போது அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் நானே முடிவு செய்வேன். அதற்குப் பிறகு அவர்கள் தங்களுடையதைப் பாடட்டும்.